புதுப்பிப்பு: அம்பயர் பாக்கி, பாதி வந்தது

சென்னையில் ஒரு வார இறுதி டோர்னமெண்டில் அம்பயர்களான எங்களுக்கும் ஸ்கோரருக்கும் மேட்ச் ஃபீஸ் தராமல் இழுத்தடிப்பதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். லீக் ஆட்டங்களுக்கான பணம் நேற்று ஜிபேயில் வந்துவிட்டது. அரையிறுதி, ஃபைனல் பாக்கி இன்னும் நிற்கிறது. ஸ்கோரர் அண்ணனுக்கு எதுவுமே வரவில்லை. நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்தவர், எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

‘எல்லாரும் ஒரேயடியாக விலகிடுங்க’ என்று பலர் சொன்னீர்கள். 1999-இல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 57 அம்பயர்கள் அப்படித்தான் ராஜினாமா கொடுத்தார்கள். லீக் மாற்று ஆட்களை எடுத்தது. பயந்துபோய்ப் பலர் கடிதத்தைத் திரும்பப் பெற்றும், 22 பேருக்கு வேலை போனது. சங்கமே உடைந்தது. 2012-இல் என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) நடுவர்களை, ஒப்பந்தத் தகராறில் லீக்கே வெளியே நிறுத்தியது. மாற்று நடுவர்கள் சீஹாக்ஸ்–பேக்கர்ஸ் ஆட்டத்தின் கடைசி நொடியில் தந்த தீர்ப்பு நாடு முழுக்கக் கொந்தளிப்பைக் கிளப்ப, இரண்டே நாளில் லீக் பழைய நடுவர்களோடு ஒப்பந்தத்துக்கு வந்தது.

ஆனால் எங்களுக்குப் பதிலாக ஆள் சுலபமாகக் கிடைப்பார்கள். அதனால் விலகவில்லை. அடுத்த சீசனில் டாஸுக்கு முன்பே பணம், ஸ்கோரருக்கும் சேர்த்து, எழுத்தில் கேட்டிருக்கிறோம். ஞாயிறு பேச வரச் சொல்லியிருக்கிறார்கள்.