நடுத்தரப் பாதுகாப்புச் சிறையில் ஒழுங்கு எப்படி?

கோத்தகிரிக்காரன்: தம்பி சிறைக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். பகலில் கைதிகள் அறைக்கு வெளியே வந்து வேலை செய்யும் நடுத்தரப் பாதுகாப்புச் சிறைகளில் ஒழுங்கை எப்படிக் காக்கிறார்கள்? பூட்டு போதுமா?

குன்னூர் வாசகர்: யாரை யாரோடு அடைக்கிறோம் என்பதுதான் முதல் வேலை. 1894 சிறைச் சட்டம் 27-வது பிரிவே ஆண், பெண், விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி என்று பிரித்து வைக்கச் சொல்கிறது. அப்புறம் அடைக்கும்போதும் திறக்கும்போதும் தலை எண்ணிக்கை, அறைச் சோதனை, கம்பியைத் தட்டிப் பார்ப்பது.

கூடலூரான்: சரிதான் அண்ணே, ஆனால் மனு பார்க்க (அதாவது, வந்த குடும்பத்தாரைச் சந்திக்க) விடாமல் இழுத்தடித்தாலோ சாப்பாடு கெட்டாலோதான் புகைச்சல் கிளம்பும். இங்கிருந்து கோவை மத்திய சிறைக்கு மாற்றிவிட்டால், மலை இறங்கிப் போய்ப் பார்க்கிற தோட்டத் தொழிலாளி குடும்பத்துக்கு அன்றைய கூலியும் போச்சு.

ஊட்டி அக்கா: தம்பி இதையும் படிக்கட்டும்: கைதிகளை நடத்துவது பற்றிய ஐ.நா.வின் 2015 நெல்சன் மண்டேலா விதிகளின்படி, தொடர்ந்து 15 நாளுக்கு மேல் யாரையும் தனிமையில் அடைக்கக் கூடாது.