‘குவில்ட்’ – அடுக்குத்தையல் எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஏற்காட்டில் வசிக்கும் என் தோழி, தாம் தைக்கும் குவில்ட்டுகள், அதாவது துணிகளை அடுக்கித் தைத்த போர்வைகள், பற்றித் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறார். எழுதியதைச் செப்பனிட்டுக் கொடுப்பது சேலத்திலிருக்கும் என் பங்கு. குவில்ட்டுக்குத் தமிழ்ச்சொல்லாக இக்குழுவில் முன்மொழியப்பட்ட ‘மெத்தைப் போர்வை’, ‘ஒட்டுப் போர்வை’ ஆகிய இரண்டையும் அவரிடம் காட்டினேன். இரண்டையும் அவர் ஏற்கவில்லை. அவர் கூறும் காரணங்கள் எனக்கும் சரியாகவே படுகின்றன.

இலவம்பஞ்சு மெத்தை என்பது உறைக்குள் பஞ்சைத் திணித்து ஆங்காங்கே முடிச்சிட்டது. அதை யாரும் துவைப்பதில்லை. பஞ்சு கட்டிதட்டினால் உறையைப் பிரித்து, வெயிலில் காயவைத்து, அடித்து, மீண்டும் அடைப்பார்கள். குவில்ட்டோ துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துவதற்கென்றே செய்யப்படுவது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றையும் ஊடுருவி நெருக்கமாக ஓட்டுத்தையல் போடுவதால்தான் தண்ணீரில் நனைந்த பிறகும் பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்காமல் இருக்கிறது. ஆகவே தையலே அதன் உயிர்நாடி; பஞ்சைக் கொண்டு பெயரிட்டால் அந்தச் செய்தி விடுபட்டுப்போகும்.

‘ஒட்டு’ என்பதிலும் இதே குறை உண்டு. துண்டுத்துணிகளை இணைத்து மேல்பரப்பை உருவாக்குவது தனி வேலை. மேல்பக்கம் முழுவதும் ஒரே துணியாக இருந்து, தையல் கோலத்தாலேயே அழகுபெறும் குவில்ட்டுகளும் இருக்கின்றன. மறுபுறம், ஒட்டுவேலை இருந்தும் குவில்ட் ஆகாதவை நம்மிடமே இருக்கின்றன: தஞ்சாவூர்ப் பகுதியில் தேருக்கும் பந்தலுக்கும் கட்டும் தொம்பைகள் எனும் துணித் தொங்கல்கள், துணியின்மேல் வண்ணத்துணி வைத்துத் தைத்தவையே.

‘கந்தை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கித் தைப்பதற்குக் காந்தா என்றே பெயர் என்பதால் அந்த ஆசை புரிகிறது. ஆனால் ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று கேட்டு வளர்ந்தவர்களிடம் அப்பெயரைச் சொல்லி ஒரு போர்வையை விற்றுப் பாருங்கள்!

எனவே கலைக்கு அடுக்குத்தையல், பொருளுக்கு அடுக்குத்தையல் போர்வை, வினைக்கு அடுக்கித் தைத்தல் எனப் பரிந்துரைக்கிறேன். அடுக்குமல்லி என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இது அந்நியமாக இராது. ‘மூவடுக்கு’ என எண்ணைச் சேர்க்க வேண்டியதில்லை. காந்தாவில் பஞ்சே வைக்காமல் புடவைகளை மட்டும் அடுக்குவதும் உண்டு.

உறுப்புகளுக்கு மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி ஆகியவற்றை எழுதியிருக்கிறோம். விளிம்பை மூடித் தைக்கும் துணிக்கு ஓரப்பட்டி போதும். பட்டி என்பது தையற்கடைகளில் ஏற்கெனவே புழங்கும் சொல்.

மறுமொழி:

அடுக்குத்தையலை வழிமொழிகிறேன். ‘நடுப்பஞ்சு’ மட்டும் உறுத்துகிறது. நடுவில் கம்பளியும் வைக்கிறார்கள், பாலியெஸ்டரும் வைக்கிறார்கள். பஞ்சைப் பெயரில் வைக்கக்கூடாது என்று மெத்தைக்குச் சொன்ன வாதம் இங்கும் பொருந்தும் அல்லவா? ‘இடையடுக்கு’ என்றால் எதை வைத்தாலும் பொருந்துவதோடு தலைச்சொல்லோடும் இயைகிறது.

மறுமொழி:

தோழியிடம் கேட்டேன். இடையடுக்கை ஏற்றுக்கொண்டார், பருத்தியை வைக்கும் இடத்தில் மட்டும் ‘பஞ்சு இடையடுக்கு’ என்று விரித்து எழுதப்போவதாகக் கூறுகிறார். ஓரப்பட்டிக்கு மாற்றுக்கருத்து இருந்தால் தெரிவியுங்கள்.