சாமி கும்பிடாத அப்பா, திருப்பாவை பாடும் மகள். நான் என்ன செய்யட்டும்?

காவிரிக்கரை:
எங்கள் வீடு கருப்புச்சட்டை வீடு. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்டம் வந்த பிறகு, ஐயர் இல்லாமல் மேடையில் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என் அப்பா அம்மா. எனக்குச் சாமி பூதம் எதுவும் கிடையாது, அதற்காக யாரோடும் சண்டையும் கிடையாது. மனைவி ஸ்ரீரங்கத்துப் பெண், அளவான பக்தி. மகளுக்கு ஏழு வயது. இந்த மார்கழியில் மாமியார் அவளை விடியற்காலையில் எழுப்பி, நாளுக்கு ஒரு பாசுரமாகத் திருப்பாவை சொல்லிக்கொடுக்கிறார். முப்பதில் பாதிக்கு மேல் மனப்பாடம் ஆகிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன வாரம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே 2006இல் வைத்த பெரியார் சிலையைப் பார்த்துவிட்டு, "சாமி இல்லைன்னு சொன்ன இந்தத் தாத்தா கண்ணை சாமி குத்திடுச்சா? உன் கண்ணையும் குத்துமா?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்றே தெரியவில்லை. "பிள்ளை மனசைக் கெடுக்கிறார்கள், 18 வயசுக்கு அப்புறம் அவளே முடிவு செய்யட்டும்" என்கிறார் அப்பா. "அந்த வயசில் யார் கேட்பார்கள், இப்போது சொன்னால்தான் உண்டு" என்கிறார் மாமியார். நீங்கள் எல்லாம் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

வடசேரிக்காரி:
என் ஓட்டு மாமியாருக்கு. எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு, ஒரு பாட்டு, பைபிளில் ஒரு அதிகாரம், அப்புறம் அப்பாவின் நீண்ட ஜெபம், அதில் பாதி நேரம் நாங்கள் தூங்கி விழுவோம். இன்றைக்கு நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஆளும் இல்லை. ஆனால் ஆச்சி கடைசி நாட்களில் பேச்சு நின்று படுத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து 23ஆம் சங்கீதத்தைப் புத்தகம் இல்லாமல் சொல்ல முடிந்தது, ஆச்சியின் உதடும் கூடவே அசைந்தது. இது எதுவுமே இல்லாமல் வளர்ந்த என் சித்தப்பா மகன் பாவம், ஆச்சி மேல் அவனுக்கும் பாசம்தான், ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றான். நம்புவாளா மாட்டாளா என்பது பிறகு. அந்தச் சமயத்தில் சொல்ல நாலு வரி இருக்கட்டும்.

எதிர்க்கேள்வி:
காவிரிக்கரை, கோபப்படாதீர்கள். உங்கள் நாத்திகம் நீங்களாக 18 வயதில் யோசித்து எடுத்ததா? அதுவும் அப்பா கொடுத்ததுதானே? கொடுக்காமல் வளர்ப்பது என்று ஒன்று கிடையாது, வீட்டில் எது நடக்கிறதோ அதைப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். கொடுத்தது அப்படியே நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பெரியார் வளர்ந்தது ஈரோட்டில் வைணவ பக்தி நிறைந்த வீட்டில், வீட்டுக்கு வந்த பாகவதர்களை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டுத்தான் அந்தப் பக்கம் போனார். கண்ணதாசன் திராவிட இயக்கத்தில் இருந்துவிட்டுக் கண்ணனைப் பாட வந்தார். அதனால் பாசுரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். கண்ணைக் குத்தும் என்கிற பேச்சை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். பக்தி போனாலும் அந்தப் பயம் போகாது, பரீட்சைக்கு முன்னால் பிள்ளையாரைப் பார்க்காமல் போனால் வயிறு கலங்குகிற நாத்திகர்களை எனக்குத் தெரியும்.

நல்லூரான்:
இலங்கையில் சமயம் சாதாரண தரப் பரீட்சை (O/L) வரைக்கும் கட்டாயப் பாடம். எங்களுக்குச் சைவநெறி. நாயன்மார் 63 பேரில் யார் எந்த ஊர், என்ன தொண்டு என்று எழுதி நல்ல புள்ளியும் எடுத்தேன், பரீட்சை முடிந்த கையோடு மறந்தும் போனேன். எனக்கு ஒட்டியது அம்மம்மாவிடம் இருந்து வந்ததுதான். நல்லூர் முருகன் கோயில் திருவிழா 25 நாளும் அவர் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, வாசலுக்கு யார் வந்தாலும் சாப்பாடு உண்டு, எங்களை மட்டும் விரதம் பிடி என்று ஒருநாளும் சொன்னதில்லை. பாட்டியார் பேத்திக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்பதை விட, வீட்டு வேலைக்கு வருகிறவரோடு அவர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். பிள்ளை அதையும் சேர்த்துத்தான் சமயம் என்று எடுத்துக்கொள்ளும்.

கீழக்கரை வாப்பா:
நாங்கள் சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் ஏன் என்று கேட்டால் அடிதான் கிடைக்கும். என் பிள்ளைகளை அனுப்பும் முன்பு ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளை குறுக்குக் கேள்வி கேட்டால் என்ன செய்வீர்கள்? சிரித்துக்கொண்டே "தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் கிதாபைப் பார்த்துவிட்டுச் சொல்வேன்" என்றார், சேர்த்துவிட்டேன். நீங்களும் மகளிடம் நேராகச் சொல்லுங்கள், பாட்டி நம்புகிறார், அப்பா நம்பவில்லை, ஆனாலும் யார் கண்ணையும் யாரும் குத்தப் போவதில்லை என்று. ஏழு வயதுக்கு அது புரியும். அப்புறம், உங்கள் அப்பா பேத்தி முன்னால் பாட்டியைக் கிண்டல் செய்தால் அதையும் தடுங்கள்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் பேசினேன். பாசுரம் தொடரட்டும், கண்ணைக் குத்துவது வேண்டாம் என்றேன். "அப்புறம் இவளை எப்படிச் சாப்பிட வைக்கிறது, நீயே ஊட்டு" என்று தட்டை என் கையில் கொடுத்துவிட்டார், ஊட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம்தான் இன்னும் பேசவில்லை. எதிர்க்கேள்வி சொன்ன அந்த "நீங்கள் கொடுத்ததுதானே" விஷயத்தை அவரிடம் எப்படி எடுப்பது என்று யாராவது சொன்னால் நல்லது.