9 அடி சர்ஃப் பலகையைக் கோவளத்துக்குக் கொண்டுசெல்லக் காரைத் தவிர வேறு வழி உண்டா?

கேள்வி: திருவான்மியூர்வாசி

வணக்கம். வார இறுதிகளில் அலைச்சறுக்குக்காகச் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் சென்று வருகிறேன். 9 அடிப் பலகை ஒன்றுக்காகவே, போக வர ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தன்னந்தனியாகக் காரை ஓட்ட வேண்டியிருக்கிறது. கடலை நேசிப்பவன் கடலுக்குப் போவதற்காக இவ்வளவு பெட்ரோலை எரிப்பது மனத்துக்கு ஒப்பவில்லை. கூட்டமான பேருந்தில் அதை ஏற்றவும் வழியில்லை. சைக்கிளில் பக்கவாட்டுத் தாங்கி பொருத்தி எடுத்துச் செல்வது சரிப்படுமா?

மறுமொழி: கடலோரன்

சைக்கிளைப் பற்றி யோசிப்பதற்கு முன், பலகை ஏன் ஒவ்வொரு வாரமும் உங்களோடு பயணம் செய்ய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கோவளத்தில் உள்ள சர்ஃபிங் பள்ளிகளிடமோ, அலைச்சறுக்கில் தேர்ந்த மீனவ இளைஞர்களிடமோ பேசி, மாதம் ஒரு தொகை கொடுத்துப் பலகையை அங்கேயே விட்டுவைக்க முடிந்தால், நீங்கள் மாமல்லபுரம் பேருந்தில் வெறுங்கையோடு போய் இறங்கலாம். பெட்ரோல் செலவு மிச்சம். அந்தத் தொகையும் ஊர்க்காரர் கைக்கே போய்ச் சேரும். வைக்கும் இடம் மட்டும் நிழலாக இருக்க வேண்டும். கால் வழுக்காமலிருக்கப் பலகையின் மேல் பூசும் மெழுகு வெயிலில் உருகி வழிவதோடு, உள்ளே தெர்மாகோல் வகை நுரை இருக்கும் பலகையில் காற்று விரிந்து மேலுறை உப்பிப் பிரிந்துவிடும்.

மறுமொழி: மிதிவண்டிப் பயணி

கடற்கரைக்கு மிக அருகில் வசிப்பவர்களுக்குச் சைக்கிள் தாங்கியைப் போல வசதியானது வேறில்லை. ஆனால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் 30 கிலோமீட்டர் தூரத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முற்பகல் தாண்டிக் கடற்காற்று வலுத்துவிட்டால், திரும்பி வரும்போது அது வலப்புறமிருந்து வீசும். 9 அடிப் பலகை பாய்மரப் பாயைப் போலக் காற்றை வாங்கி, வண்டியையே சாலையோரத்துக்குத் தள்ளும். குறுகிய தூரத்துக்குப் பயன்படுத்துவதானால் தாங்கியை இடப்புறம் மாட்டுங்கள்; சங்கிலியும் இடிக்காது, கடந்து செல்லும் வாகனங்களும் பலகையில் உரசாது. இலங்கையின் அறுகம்பையில் ஆட்டோக்களின் கூரையில் தாங்கி பொருத்தி, பல பேருடைய பலகைகளை ஒன்றாக ஏற்றிச் செல்கிறார்கள். நம் ஊர் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் அது நல்ல பிழைப்பாக அமையும் என்பது என் நம்பிக்கை.

மறுமொழி: அலைநேயன்

கார்தான் என்றாகிவிட்டால், அதே திசையில் போகும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பலகையின் அடியிலுள்ள துடுப்பு போன்ற ஃபின்களைக் கழற்றிவிட்டு, மெழுகு பூசிய பக்கம் கீழே இருக்கும்படி கூரைக் கம்பிகளின் மேல் கவிழ்த்து வைத்தால், பலகையின் முன்நுனி வளைவு தாழ்ந்து நிற்கும். காற்று அதைத் தூக்காது. லாரிகளில் சரக்கை இறுக்கப் பயன்படுத்தும் கியர் பட்டைகள் வேண்டாம். அவை ஓரங்களை நொறுக்கிவிடும். கையால் இழுத்து இறுக்கும் பட்டையே போதும். அதை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் வழியெல்லாம் அது அதிர்ந்து இரைவதும் நிற்கும். அடியில் பழைய போர்வையை விரியுங்கள்; குமிழ் பிளாஸ்டிக் தேவையில்லை. வீடு திரும்பியதும் கம்பிகளைக் கழற்றி வையுங்கள், வெறுமனே இருந்தாலும் அவை காற்றைத் தடுத்து எரிபொருள் செலவைக் கூட்டும். பலகையின் நுரை, பிசின் எல்லாமே பெட்ரோலிய வேதிப்பொருள்கள் என்பதால், பயணத்தில் ஒரு பலகை உடையாமல் காப்பதையும் சுற்றுச்சூழல் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

மீண்டும்: திருவான்மியூர்வாசி

அனைவருக்கும் நன்றி. வரும் ஞாயிறு பலகையைக் கடைசி முறையாகக் காரில் கொண்டுபோய் அங்கேயே வைத்துவர இடம் கேட்கப் போகிறேன். அடையாறு, திருவான்மியூர் பக்கத்திலிருந்து பலகையோடு வர விரும்புவோர் இங்கே எழுதுங்கள். கூரையில் இன்னும் இரண்டு பலகைகளுக்கு இடமிருக்கிறது.