டயர் லைட் எரியலைன்னா காத்து சரியா இருக்குன்னு நம்பலாமா?

வைகைக்கரை:
இன்னொரு திரியில ஒரு நண்பர் எழுதியிருந்தார்: "என் வண்டியில டிபிஎம்எஸ் (டயர்ல காத்து குறைஞ்சா டேஷ்போர்டுல லைட் போடுற கருவி) இருக்கு, இனிமே பங்க்ல காத்து பார்க்கவே வேண்டாம், குறைஞ்சா அதுவே சொல்லும்." நிறைய பேர் ஆமா போட்டிருக்காங்க. குடும்பத்தோட நெடுஞ்சாலையில போறவங்க இதை நம்பிடக் கூடாதுன்னுதான் தனித் திரி போடுறேன்.

அது எப்ப சொல்லும்னு பாருங்க. அமெரிக்க விதிப்படி, கம்பெனி சொன்ன அழுத்தத்துல 25 சதவீதம் குறைஞ்சா லைட் எரியணும். கதவுத் தூண் ஸ்டிக்கர்ல 33 பிஎஸ்ஐன்னு இருந்தா, கணக்குப்படி 24.75. இடையில 28-ல மாசக்கணக்கா ஓட்டினாலும் டேஷ்போர்டு சுத்தமா இருக்கும். டயரோ ரெண்டு ஓரமும் தேயும், சைடுவால் (டயரோட பக்கச்சுவர்) ஒவ்வொரு சுத்துக்கும் கூடுதலா மடங்கி மடங்கி சூடாகும்.

எலெக்ட்ரான்:
மரியாதையோடு மறுக்கிறேன் சார். அந்த 25 சும்மா வைத்த எண் அல்ல. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினாலே சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். எல்லையை 5 சதவீதத்தில் வைத்தால் மார்கழிக் காலையில் தினமும் லைட் எரியும். ஒரு வாரத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்த விதி பிறந்த கதையையும் சொல்ல வேண்டும். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் ஓடியவை. டிரெட் (தரையில் படும் மேற்பட்டை) பிரிந்து வண்டிகள் உருண்டு, பலர் இறந்தார்கள். அந்த வண்டிக்கு ஃபோர்டு சொன்ன அழுத்தமே 26 பிஎஸ்ஐதான். அதிலும் குறைந்தால் வெயிலில் டயர் என்ன ஆகும்? அதே ஆண்டு அமெரிக்கா சட்டம் போட்டது. 2002-இல் வந்த முதல் விதியில் கம்பெனிகளுக்கு ஒரு சலுகை இருந்தது: ஏதாவது ஒரு டயர் 30 சதவீதம் குறைந்ததைக் கண்டுபிடித்தாலே போதும். பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2003-இல் நீதிமன்றம் விதியைத் தள்ளியது. 2005-இல் திருத்தி எழுதினார்கள்: 25 சதவீதம், நான்கு டயரும் சேர்ந்து குறைந்தாலும் தெரிய வேண்டும், 20 நிமிடத்துக்குள். மக்கள் போராடி வாங்கிய விளக்கு அது.

வைகைக்கரை:
வரலாறு எனக்கும் மதிப்புதான் தம்பி. ஆனா இங்க எல்லா காருக்கும் டிபிஎம்எஸ் கட்டாயம் இல்லை. இருக்குற வண்டியிலும் ரெண்டு வகை. ஒண்ணு, ரிம்முக்குள்ள வால்வு பக்கத்துல சென்சார் உட்கார்ந்து, அழுத்தத்தை நேரா அளந்து ரேடியோவுல அனுப்புறது. இன்னொண்ணு மறைமுக வகை. அதுல அழுத்தத்தை அளக்குற சென்சாரே கிடையாது! காத்து குறைஞ்ச டயரோட சுற்றளவு கொஞ்சம் சின்னதாகும், அந்தச் சக்கரம் மத்ததை விட வேகமா சுத்தும். சக்கரத்தோட வேகத்தை அளக்குற ஏபிஎஸ் (பிரேக் அமைப்பு) சென்சார் அந்த வித்தியாசத்தைப் பிடிக்கும். நாலு டயரும் மூணு மாசத்துல ஒரே மாதிரி இறங்கினா யாரை யாரோட ஒப்பிடும்?

சேலம்_டயர்:
அண்ணே, கடையில தினமும் பார்க்கிறதைச் சொல்றேன். மறைமுக வகை வண்டியில செட் பட்டன் ஒண்ணு இருக்கும், இல்லைன்னா ஸ்கிரீன் மெனுவுல இருக்கும். அதை அழுத்தினா, அப்ப டயர்ல இருக்குற நிலைமையைத்தான் வண்டி சரியான அளவுன்னு எடுத்துக்கும். லைட் எரியுதுன்னு காத்து அடிக்காமலே அதை அழுத்தி அணைச்சிட்டுப் போறவங்க உண்டு. அப்ப டயர்ல 25 பிஎஸ்ஐ இருந்தா, அப்புறம் அதுதான் அந்த வண்டிக்குச் சரியான காத்து. அதுலேருந்து இன்னும் நல்லா இறங்கினாத்தான் லைட் வரும்.

இன்னொண்ணு. நூறு கிலோமீட்டர் ஓடி வந்து, டயர் கை வைக்க முடியாத சூட்டுல இருக்கும்போது 33 வெச்சுக்கறாங்க. மறுநாள் காலையில கேஜ் வெச்சா 29-தான் நிக்கும். காத்து ஆறின டயர்ல பார்க்கணும்.

எலெக்ட்ரான்:
சேலம் அண்ணன் சொல்வது பயன்பாட்டுப் பிழை, கருவியின் பிழை அல்ல. வைகைக்கரை சார் சொன்னது பழைய தலைமுறை மறைமுக வகைக்குப் பொருந்தும். புதியவை வேகத்தை மட்டும் ஒப்பிடுவதில்லை. சாலை அதிர்வில் ஒவ்வொரு டயருக்கும் தனக்கென ஓர் அதிர்வெண் உண்டு, காற்று குறைந்தால் அது மாறும். அதே ஏபிஎஸ் சிக்னலில் இருந்து மென்பொருள் அதைப் பிரித்தெடுக்கிறது. ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் காரிலும் டிபிஎம்எஸ் கட்டாயம். அங்கே சோதனை இரண்டு: ஒரு டயர் 20 சதவீதம் இறங்கினால் 10 நிமிடத்தில் சொல்ல வேண்டும், நான்கும் இறங்கினால் 60 நிமிட ஓட்டத்துக்குள் சொல்ல வேண்டும்.

வைகைக்கரை:
60 நிமிஷம்! நாற்கரச் சாலையில அது நூறு கிலோமீட்டர். விழுப்புரத்துல ஏறினா செங்கல்பட்டே வந்திடும்.

கொங்குவண்டி:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணுங்க. என் வண்டியில ஸ்டார்ட் பண்ணினதும் லைட் ஒரு நிமிஷம் மின்னி மின்னி அப்புறம் நிலையா எரியுதுங்க. காத்து சரியாத்தான் இருக்குது. ஸ்டெப்னி மாட்டினதுக்கு அப்புறம்தான் இப்படி.

சேலம்_டயர்:
அது காத்து குறைஞ்ச எச்சரிக்கை இல்லைங்க. மின்னிட்டு நின்னா, சிஸ்டத்துலயே கோளாறு, இல்லைன்னா ஒரு சென்சார் பேசலைன்னு அர்த்தம். ஸ்டெப்னியில பெரும்பாலும் சென்சார் வைக்க மாட்டாங்க. பஞ்சர் ஒட்டி பழைய சக்கரத்தை மாட்டுங்க, சரியாகிடும். அப்பவும் மின்னினா, டயர் கழட்டும்போது சென்சார் உடைஞ்சிருக்கலாம். மெஷின்ல டயர் விளிம்பை அமுக்கும்போது வால்வுக்கு நேரா கட்டையை வெச்சா அதோட கதை முடிஞ்சது. உள்ள சென்சார் இருக்குன்னு கடைக்காரர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

வெளியே வால்வு மூடிக்குப் பதிலா மாட்டுற சென்சார் வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அது வால்வு ஊசியை அமுக்கிக்கிட்டேதான் இருக்கும். அதோட வாஷர் கெட்டா அந்த வழியாவே காத்து போகும். பழைய ரப்பர் வால்வுல அந்தக் கனம் ஆடி ஆடி அடியில வெடிப்பு விடும். வால்வையும் மாத்திட்டு மாட்டுங்க.

எலெக்ட்ரான்:
என் நிலை மாறவில்லை. மாதாமாதம் கேஜ் எடுத்துக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்? பார்க்காதவரையும் காப்பாற்றத்தான் இந்தக் கருவி. 2020-இல் நம் நாட்டு விதியையே மாற்றினார்கள்: டியூப்லெஸ் டயரும் டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் இருந்தால் காரில் ஸ்டெப்னி வேண்டாம். அப்படிப்பட்ட வண்டியில் ஆணி ஏறி மெதுவாக இறங்கும் டயரை, ரிம் தரையில் உரசும் முன் காட்டிக்கொடுக்க அந்த விளக்கை விட்டால் வேறு யார்?

வைகைக்கரை:
ஆணிக்கு நான் மறுப்பே சொல்லலை. லைட் எரிஞ்சா உடனே ஓரங்கட்டுங்க, அதுல நமக்குள்ள சண்டை இல்லை. எரியாதப்ப என்னங்கறதுதான் கேள்வி. ஸ்டிக்கரை இன்னொரு தடவை பாருங்க. பல வண்டியில ரெண்டு எண் இருக்கும்: ரெண்டு மூணு பேருக்கு ஒண்ணு, அஞ்சு பேரும் சாமானும் ஏறினா பின் டயருக்கு அதை விடக் கூட. பெரும்பாலான வண்டியில லைட்டோட எல்லை முதல் எண்ணை வெச்சுதான். பொங்கலுக்கு அரிசி மூட்டையோட ஊருக்குப் போற காருக்கு பின்னால 36 வேணும், 28 இருக்குன்னு வைங்க. எட்டு பிஎஸ்ஐ குறைவு, லைட் எரியாது. இதுக்கு பதில் சொல்லுங்க தம்பி.