பத்து நாளுக்கு ஒருமுறை விழும் சர்வர், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்

கேள்வி

சி மொழியில் எழுதிய ஒரு ரிவர்ஸ் பிராக்ஸியை (கிளையன்ட் கோரிக்கையை வாங்கிப் பின்னால் இருக்கும் சர்வருக்குக் கடத்துவது) பராமரிக்கிறேன். லினக்ஸ், ஈபோல் (எந்த கனெக்‌ஷனில் என்ன நடந்தது என்று கர்னல் சொல்லும் வசதி), ஒரு பிராசஸுக்கு ஒரே த்ரெட். எட்டுப் பத்து நாளைக்கு ஒருமுறை விழுகிறது, அதுவும் கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில் மட்டும்.

ஐந்து கோர் டம்ப் (விழுந்த கணத்தின் மெமரி நகல்) கையில் இருக்கிறது. ஒன்றில் மெமரி ஒதுக்கும் மாலாக்கே 'டபுள் ஃப்ரீ ஆர் கரப்ஷன்' (இரண்டு முறை விடுவிப்பு அல்லது சிதைவு) என்று சொல்லி அபார்ட் ஆகியிருக்கிறது. இரண்டு, ஹெடர் பார்ஸ் செய்யும் இடத்தில் சிக்னல் 11 (தொடக்கூடாத மெமரியைத் தொட்டது). ஒன்று லாக் எழுதும் இடத்தில். கடைசியாக வந்தது டிஎல்எஸ் லைப்ரரிக்குள். பேக்டிரேஸ்களுக்குள் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற தடம்) ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பார்ஸரை இரண்டு வாரம் வரி வரியாகப் படித்தேன். பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

மெமரிப் பிழை தேடும் வால்கிரைண்டில் ஓட்டினால் கிளையன்ட்கள் டைம்அவுட் ஆகும் அளவுக்கு மெதுவாகிவிடுகிறது. அதே வேலையை வேகமாகச் செய்யும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து டெஸ்ட் மெஷினில் ஒரு வாரம் லோட் கொடுத்தேன். சத்தமே இல்லை. இனி எங்கே தேடுவது?

பதில் 1

ரேமைச் சோதித்தீர்களா? ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருந்தால் ஹார்ட்வேர் மேல் சந்தேகப்படலாம்.

கேட்டவர்

மூன்று மெஷின்களில் விழுந்திருக்கிறது, மூன்றிலும் பிட் பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேம். தவிர, மாறியிருப்பது ஒரு பிட் இல்லை, முழுசாக எட்டு பைட்.

பதில் 2

அந்த எட்டு பைட்டைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே! விழுந்த இடத்தை விடுங்கள். அங்கே கிடப்பது பலியானவன், கொலையாளி எப்போதோ கிளம்பிப் போய்விட்டான். அவன் விட்டுப்போனது அந்த எட்டு பைட் மட்டும்தான். ஜிடிபி டீபக்கரில் அதைப் பாயிண்டராக (மெமரி முகவரி), எழுத்தாக, எண்ணாக என்று எல்லா விதத்திலும் வாசித்துப் பாருங்கள். ஐந்து டம்பிலும் ஒரே மாதிரியா?

இன்னொன்று: கனெக்‌ஷன்களை நேராக ஃப்ரீ செய்கிறீர்களா, சொந்தமாக பூல் (மறுபடி பயன்படுத்த, ஃப்ரீ செய்யாமல் சேர்த்து வைக்கும் இடம்) வைத்திருக்கிறீர்களா? பூல் இருந்தால் சானிடைசருக்குக் கண் தெரியாது. நீங்கள் பூலுக்குத் திருப்பிய துண்டு அதன் கணக்கில் இன்னும் உயிரோடுதான் இருக்கும்.

கேட்டவர்

நான்கு டம்பில் அந்த எட்டு பைட்டின் மேல் பாதி பூஜ்யம், கீழ்ப் பாதியில் ஒரு எண். தசமத்தில் மாற்றினால் 17 என்று தொடங்கும் பத்து இலக்கம். கொஞ்ச நேரம் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அது யூனிக்ஸ் நேரம் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிகள்)! விழுவதற்கு ஒன்றிரண்டு விநாடி முந்தைய நேரம். எங்கள் கனெக்‌ஷன் ஸ்ட்ரக்சரில் 'கடைசியாகப் பேசிய நேரம்' என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது. ஈவென்ட் ஹேண்ட்லரின் முதல் வரியே அதில் எழுதுவதுதான்.

பூலும் இருக்கிறது. 1024 வரை வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் வந்தால்தான் ஃப்ரீ செய்யும். டெஸ்டில் நான் கொடுத்தது 300 கனெக்‌ஷன்.

பதில் 2

சரி, அப்படியானால் டெஸ்டிலும் விடுவித்த துண்டில் நேரத்தை எழுதுவது நடந்திருக்கும். செத்த துண்டு பூலிலேயே கிடந்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. கூட்டம் 1024-ஐத் தாண்டும்போது அது மாலாக்குக்குப் போகிறது, உடனே வேறு யாருக்காவது கிடைக்கிறது, அவர்கள் நடுவில் உங்கள் நேரம் போய் உட்காருகிறது.

யார் எழுதுகிறார்கள் என்பதற்கு என் ஊகம்: ஒரே ஈபோல் வெயிட் அழைப்பில் கிளையன்ட் ஈவென்டும் அதன் பின்னால் இருக்கும் அப்ஸ்ட்ரீம் (பின் சர்வர்) ஈவென்டும் சேர்ந்தே வருகின்றன. முதலில் கிளையன்ட் துண்டித்த செய்தி, நீங்கள் இரண்டு கனெக்‌ஷனையும் விடுவிக்கிறீர்கள். அதே வரிசையில் இன்னும் கீழே அப்ஸ்ட்ரீமின் பழைய பாயிண்டர் காத்திருக்கிறது. இரண்டும் ஒரே தவணையில், இந்த வரிசையில், பூல் நிரம்பியிருக்கும்போது வரவேண்டும். பத்து நாள் ஆவதில் வியப்பில்லை.

பதில் 3

ஃப்ரீ செய்வதற்கு முன்னால் ஈபோலிலிருந்து அந்த எஃப்டியை (கனெக்‌ஷனைக் குறிக்கும் எண்) நீக்கிவிட்டால் போதுமே.

பதில் 2

போதாது. நீக்கினால் இனி வரும் ஈவென்டுகள் நிற்கும். ஏற்கெனவே உங்கள் அரேயில் கொட்டப்பட்டதைக் கர்னல் திரும்பப் பிடுங்காது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இதற்காகவே பாயிண்டரின் கடைசி பிட்டில் ஒரு அடையாளம் வைத்து, பழைய ஈவென்டா என்று பார்க்கிறது. உங்களுக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம்: விடுவிக்க வேண்டியதை ஒரு பட்டியலில் போட்டு, தவணை முடிந்த பிறகு ஃப்ரீ செய்யுங்கள்.

ஆனால் திருத்துவதற்கு முன் வரவழைத்துக் காட்டுங்கள். பூலை அணைத்து, ஈபோல் வெயிட் கொடுத்த அரேயைக் கலைத்துப் போட்டு, சானிடைசரோடு ஓட்டுங்கள்.

கேட்டவர்

நான்கே நிமிடம். 'ஹீப் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ' (விடுவித்த மெமரியைப் பயன்படுத்தியது), எட்டு பைட் ரைட். எழுதிய இடம், ஃப்ரீ ஆன இடம், ஒதுக்கிய இடம் என மூன்று பேக்டிரேஸும் கிடைத்தன. நீங்கள் சொன்ன அதே ஜோடி.

பட்டியல் முறைக்கு மாற்றி, 'மூடியாச்சு' என்ற கொடியை ஹேண்ட்லரின் முதல் வரியில் பார்க்கவைத்தேன். மறுபடி ஓட்டினால் வேறொரு இடத்தில் கத்தியது: டைமர் வரிசையிலும் அதே பாயிண்டரை வைத்திருந்திருக்கிறேன். ஐந்தாவது டம்ப் அதுதானோ என்னவோ. அதையும் அகற்றிவிட்டேன். ஓடத் தொடங்கி 23 நாள் ஆகிறது. பூலைத் திரும்ப இயக்கவில்லை. அது இல்லாமல் வேகம் குறைந்ததாகவும் தெரியவில்லை.