தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கவிதை: போட்டி மேடை போதுமா?

கொட்டகலை வாசகன்:
இங்கே இலங்கை மலையகத்தில், பாடசாலைகளின் தமிழ்த்தினப் போட்டியில் பாவோதலுக்கு (கவிதையை மனனம் செய்து மேடையில் சொல்வது) நடுவராக இருந்துவிட்டு வந்து எழுதுகிறேன். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரியில் கையை உயர்த்தினார்கள், ஒரே சொல்லில் குரலை நடுங்கவிட்டார்கள். மேடையை விட்டு இறங்கிய ஒரு சிறுமியிடம், "இதில் உனக்குப் பிடித்த வரி எது?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல், பழக்கிய ஆசிரியரின் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடிப் பாடட்டும், வாசிக்கட்டும். புள்ளியும் பரிசும் வேண்டாம்.

பண்டாரவளை டீச்சர்:
ஐயா, நான் உடன்படவில்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை வலய மட்டப் போட்டி வரை போய், நகரத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மனனம் செய்தது வீண்போகாது. பொருள் பிறகு வந்து சேரும். போட்டியையும் எடுத்துவிட்டால், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் மாதிரி வினாத்தாள்களுக்கு நடுவில் கவிதைக்கு என்று ஒரு பாடவேளைகூட மிஞ்சாது.

மஸ்கெலியா அப்பா:
ஞாயிறு என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அன்றுதான் என் மனைவி கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் வந்தால் எதைப் பாடுவார்கள்? பறிக்கும்போது ஒரு கோப்பிப் (காபி) பழம் தவறியதற்குத் தோட்டத்துத் துரை உதைத்த கதையைச் சொல்லும் பழைய பாட்டை. "தோட்டக்காட்டான்" என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த அவமானத்தை என் மகள் பாட்டாகப் பாடக் கூடாது.

பூண்டுலோயா பேத்தி:
அண்ணா, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பாட்டை அவமானம் என்று தள்ளிவிடாதீர்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது, மலையெல்லாம் தேயிலை ஆனது. கோப்பிச் செடியையே காணாத தலைமுறைகளும் அந்தப் பாட்டைப் பாடின. எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள், உதைத்தவன் மேல் வைத்த முறைப்பாடு அது. எந்தப் பேரேட்டிலும் பதியாத முறைப்பாடு. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை இத்தகைய பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டந்தோட்டமாகப் போய், பாரதி பாடல்களையும் தாமே கட்டிய பாட்டுகளையும் பாடித்தான் தொழிலாளரைத் திரட்டினார். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

டீச்சர், உங்களுக்கும் ஒன்று. என் அம்மாயி (அம்மாவின் அம்மா) தாலாட்டுப் பாடும்போது பாதியில் நிறுத்தி, மடியில் இருக்கும் பிள்ளையின் பெயரையும் எங்கள் டிவிஷனின் (தோட்டப் பிரிவின்) பெயரையும் சேர்த்துக்கொள்வார். அடுத்த நாள் அதே மெட்டில் வேறு சொற்கள் வரும். மாற்றலாம், சேர்க்கலாம் என்று தெரிந்தால்தான் பிள்ளைக்குப் பாட்டில் உரிமை வரும். மனனம் மட்டும் அதைத் தராது.

பண்டாரவளை டீச்சர்:
அந்த அம்மாயியை என் வகுப்புக்கே அழைக்க ஆசையாக இருக்கிறது, தங்கச்சி. கரும்பலகையில் எழுதிப்போட்டு நான் நடத்தும் நாட்டார் பாடலுக்கு அந்த உயிர் இல்லை. ஆனாலும் போட்டியை விடமாட்டேன். பரிசுப் புத்தகம்தான் பல வீடுகளில் பாடநூல் அல்லாத முதல் புத்தகம்.

கொட்டகலை வாசகன்:
போட்டி இருக்கட்டும் டீச்சர், அதை ஏற்றுக்கொள்கிறேன். கோயில் மண்டபத்துக்கு மட்டும் புள்ளித்தாள் வர வேண்டாம். ஞாயிற்றுக்குப் பதிலாகப் பௌர்ணமிப் போயா நாள் மாலை சரிவருமா?

மஸ்கெலியா அப்பா:
கொழுந்து நிறுத்து முடிந்து, பெண்கள் வீடு வந்து, தேநீர் குடித்த பிறகு என்றால் வரலாம். அதற்கு முன்பு வைத்தால் ஆண்கள் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார்கள். பழைய பாட்டு முதலில் வேண்டாம். மழை பெய்தால் எங்கள் பாதையில் பஸ் ஏறாது. அதைப் பற்றி என் மகள் பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்தில் ஆறு வரி எழுதியிருக்கிறாள். முதலில் அதை அவள் வாசிக்கட்டும், பெரியவர்கள் கேட்கட்டும். அதன் பிறகு கோப்பிப் பாட்டைப் பாடுங்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.